பொது வலை: பயமும் வேண்டாம், பேராசையும் வேண்டாம்!

வலையைப் பற்றிப் பழவேற்காட்டு மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை.

சென்னைக்கு வடக்கே இருக்கிறது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். டச்சுக்காரர்கள் 1613-ம் ஆண்டில் கோட்டை கட்டிய ஊர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கே ராக்கெட் கிளம்பினால், குப்பத்தில் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாம்.

இந்தக் குப்பங்களில் மீன் பிடிப்பது பாதி வேலை. வலை தைப்பது மீதி வேலை. நண்டு கடித்த இடம், முள்ளில் மாட்டிய இடம், எல்லாவற்றையும் தேடித் தேடித் தைக்க வேண்டும்.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தாத்தா வலை தைத்துக்கொண்டு இருக்கிறார். பேரன் ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து இருக்கிறான். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே கம்ப்யூட்டர் வலையைக் கவனித்துக்கொள்வது அவன் பொறுப்பு.

"என்னடா, முகம் வாடிக் கிடக்கு?"

"ஆபீசுலே ஒரு பிரச்சினை, தாத்தா. ஸ்விட்ச் எல்லாம் பழசாப் போச்சு. புதுசு வாங்கணும். ஓப்பன் சோர்ஸ் வாங்கலாம்னு நான் சொல்றேன். மானேஜர் பயப்படுறாரு."

"எதுக்குப் பயம்?"

"அது யாருக்கும் சொந்தம் இல்லாத சரக்காம். நாளைக்குக் கெட்டுப்போனா யாரைப் போய்க் கேட்கிறதுங்கிறாரு."

தாத்தா சிரித்தார். "இந்த ஏரி யாருக்குடா சொந்தம்? யாருக்கும் சொந்தம் இல்லேன்னா, இதுலே முறை இல்லேன்னு அர்த்தமா?"

இந்தத் தாத்தாவும் பேரனும் கற்பனை. ஆனால் அந்த மானேஜரின் பயம் கற்பனை அல்ல. கம்பெனிகளிலும், கல்லூரிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும், கூட்டுறவு வங்கிகளிலும் அந்தப் பயம் இருக்கிறது.

அந்தப் பயம் சரிதானா?

பெட்டியும் மூளையும்

ஒரு ஆபீசில் நூறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றோடு ஒன்று பேச வேண்டும்.

ஒவ்வொன்றில் இருந்தும் ஒரு கம்பி வரும். கம்பிகள் எல்லாம் ஒரு பெட்டியில் வந்து சேரும். அந்தப் பெட்டிக்கு "ஸ்விட்ச்" என்று பெயர். இது விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல. தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரிக்கிறார்களே, அந்த வேலையைச் செய்யும் பெட்டி. எந்தச் செய்தி எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டுமோ, அதற்கு அனுப்பும்.

ஒரு வலையில் இருந்து இன்னொரு வலைக்குச் செய்தி அனுப்பும் பெட்டிக்கு "ரவுட்டர்" என்று பெயர்.

பெட்டி தானாக வேலை செய்யாது. அதற்கு ஒரு மூளை வேண்டும். உள்ளே எழுதி வைத்திருக்கும் கட்டளைகள்தான் அந்த மூளை. அதை "இயங்குதளம்" என்கிறார்கள்.

நெடுங்காலம் பெட்டியும் மூளையும் சேர்ந்தே விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு. உள்ளே என்ன எழுதி இருக்கிறது என்பது ரகசியம். வாங்கியவர் படிக்க முடியாது. திருத்தவும் முடியாது.

"ஓப்பன் சோர்ஸ்" என்பது இதற்கு நேர்மாறானது. எழுதியதை எவரும் படிக்கலாம். திருத்தலாம். மற்றவருக்கும் கொடுக்கலாம்.

1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் "லினக்ஸ்" என்பதை எழுதி வெளியிட்டார். இன்று ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் லினக்சைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கடலுக்குப் போகும் முன் அலையும் காற்றும் எப்படி என்று மீனவர் போனில் பார்க்கிறாரே, அந்த ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளம் லினக்ஸ்தான்.

ஸ்விட்சுகளுக்கும் இப்படி ஒன்று வந்தது. 2016-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி "சோனிக்" என்ற இயங்குதளத்தை எல்லோருக்கும் திறந்து விட்டது. 2022-ல் அது லினக்ஸ் பவுண்டேஷன் என்ற அமைப்பின் பொறுப்புக்குப் போனது. பல கம்பெனிகள் செய்யும் ஸ்விட்சுகளில் அது ஓடும். பெட்டி ஒரு கடையில், மூளை ஒரு கடையில் வாங்கலாம் என்ற நிலை இப்படி வந்தது.

முன்பணம் கொடுக்கும் வியாபாரி

இதனால் என்ன லாபம்?

கடற்கரை ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வலை வாங்க, படகு பழுது பார்க்க, வியாபாரி முன்பணம் கொடுப்பார். வாங்கும்போது அது பெரிய உதவி. அதன் பிறகு பிடிக்கும் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். விலையையும் அவரே சொல்வார். பக்கத்துக் கடையில் அதிக விலை கிடைத்தாலும் போக முடியாது.

ஒரே கம்பெனியின் மூடிய சரக்கை வாங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். முதலில் வசதியாக இருக்கும். பிறகு புதுப்பிக்கும் கட்டணத்தை அவர்கள் சொல்வார்கள். "இந்த மாடலுக்கு இனி ஆதரவு கிடையாது" என்பார்கள். நல்ல பெட்டியைக்கூடத் தூக்கிப் போட வேண்டி வரும். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், ஊழியர்கள் படித்தது எல்லாம் இந்தக் கம்பெனியின் கட்டளைகளைத்தான்!

முன்பணம் கொடுக்கும் வியாபாரி எல்லோரும் கெட்டவர் அல்ல. மூடிய சரக்கு விற்கும் கம்பெனி எல்லாம் கெட்டதும் அல்ல. ஆனால் கட்டுப்பட்டவனுக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. இதுதான் உண்மை.

பலத்தை மீட்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சில தவறான எண்ணங்கள் மறைக்கின்றன.

தவறு ஒன்று: "ஓசியில் கிடைக்கிறது!"

சில முதலாளிகள் பயப்படுவதில்லை. பேராசைப்படுகிறார்கள். "காசு கொடுக்க வேண்டாமாமே! நாளைக்கே மாற்று!" என்கிறார்கள்.

ஏரியில் மீனுக்கு யாரும் விலை போடவில்லை. அதனால் மீன்பிடித் தொழிலுக்குச் செலவு இல்லை என்று சொல்ல முடியுமா? படகு வேண்டும். வலை வேண்டும். நீரோட்டம் தெரிந்த ஆள் வேண்டும்.

ஓப்பன் சோர்சில் உரிமக் கட்டணம் குறையலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் ஆட்களுக்குப் பயிற்சி தர வேண்டும். போடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் ஓடிவர ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தச் செலவுகளைக் கணக்கில் சேர்க்காதவர், பாதிக் கணக்குப் போட்டவர்.

தவறு இரண்டு: "கெட்டுப்போனால் கேட்க ஆள் இல்லை!"

மேலே சொன்ன மானேஜரின் பயம் இதுதான்.

பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களைப் பாடு என்பார்கள். எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகக் கிடைக்காது. முறை மீறியவரை ஊர் கேட்கும். ஐ.நா. உணவு, விவசாய ஸ்தாபனம் 1991-ல் இந்தப் பாரம்பரிய முறை பற்றி ஓர் ஆய்வையே வெளியிட்டது.

தண்ணீருக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் பொறுப்புக்காரர் இருக்கிறார்கள்!

ஓப்பன் சோர்சும் அப்படியே. எந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். "உரிமம்" என்ற பெயரில் எழுதி வைத்த விதிகள் இருக்கின்றன. சோனிக்கைச் சோதித்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆதரவு தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. டெல் கம்பெனி அவற்றில் ஒன்று.

ஆகவே, கேட்க ஆள் இல்லை என்பது தவறு. ஆளை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே சரி. பிடிக்காவிட்டால் வேறு ஆளை வைக்கலாம். சரக்கு அதேதான். மூடிய சரக்கில் இந்த வசதி கிடையாது.

தவறு மூன்று: "எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே!"

கேட்பது நியாயம்தான். இதற்கு இரண்டு சம்பவங்களைப் பார்க்கலாம்.

2015 டிசம்பரில் ஜூனிப்பர் என்ற அமெரிக்கக் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாதுகாப்புக்காக விற்ற தன் கருவிகளின் மூடிய இயங்குதளத்தில், அனுமதி இல்லாத கட்டளைகள் புகுந்து இருந்ததாகச் சொன்னது. பூட்டி வைத்த பெட்டிக்குள்தான் அது நடந்தது.

2024-ல் இன்னொரு சம்பவம். லினக்சில் உபயோகிக்கும் "எக்ஸ்.இசட்." என்ற ஓப்பன் சோர்ஸ் சரக்கில், ஒருவர் நல்லவர் போல நடித்து, நம்பிக்கை பெற்று, திருட்டு வாசல் வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற என்ஜினீயர் அதைக் கண்டுபிடித்தார். எப்படி? உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆனது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார். தோண்டிப் பார்க்க முடிந்ததால் பிடிபட்டது!

இதில் இருந்து என்ன தெரிகிறது? மூடி வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வராது. திறந்து வைப்பதால் மட்டும் வந்துவிடாது. பார்க்கும் கண் வேண்டும். ஓட்டையைத் தைக்கும் கை வேண்டும். திருத்தம் வந்த உடனே போட்டுக்கொள்ளாத ஆபீசை, எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

தவறு நான்கு: "நம் ரகசியத்தை எல்லாம் வெளியிட வேண்டுமாம்!"

இப்படி ஒரு வதந்தி நெடுநாளாக உலவுகிறது.

ஒரு கம்பெனி தன் ஆபீசுக்குள் லினக்சை உபயோகிப்பதால், எதையும் ஊருக்குச் சொல்ல வேண்டியது இல்லை. அதன் கணக்கு, கடவுச்சொல், வலையின் அமைப்பு எல்லாம் அதனுடையதே. லினக்சைத் திருத்தி, மற்றவருக்கு விற்றாலோ கொடுத்தாலோதான், திருத்தியதையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமத்தின் விதி.

லிங்சிஸ் என்ற கம்பெனியின் பெயரில் வந்த வீட்டு ரவுட்டருக்குள் லினக்ஸ் இருந்தது. விதிப்படி 2003-ல் அதன் கட்டளைகளை வெளியிட நேர்ந்தது. அதை வைத்துத் தன்னார்வலர்கள் 2004-ல் "ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி." என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். இன்றும் அது வாழ்கிறது. கம்பெனி கைவிட்ட பழைய ரவுட்டர்கள் பல அதனால் மறுபடி உயிர் பெறுகின்றன.

தவறு ஐந்து: "இது எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு!"

இப்போது சொன்ன வீட்டு ரவுட்டரே இதற்குப் பதில்.

தமிழ்நாட்டிலும் சாட்சி இருக்கிறது. 2006, 2007-ம் ஆண்டுகளில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்றியது. அப்போது நிர்வாக இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர். அது ஸ்விட்ச் அல்ல, மேஜைக் கம்ப்யூட்டர்தான். ஆனாலும் மாற முடியும் என்று காட்டியது. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய "பாஸ்" லினக்சும் அதே காலத்தில்தான் வெளிவந்தது. மத்திய அரசு 2015-ல், அரசு அலுவலகங்கள் ஓப்பன் சோர்சுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று ஒரு கொள்கையையே அறிவித்தது.

ஆனால் ஒன்று. சோனிக் பிறந்தது பெரிய டேட்டா சென்டர்களுக்காக. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடம் அது. பத்து அறை உள்ள ஆபீசின் தேவை வேறு. இறால் வலையைக் கொண்டு பெரிய மீன் பிடிக்க முடியாது அல்லவா? எது தேவை என்று பட்டியல் போட்டு, அது இருக்கிறதா, நம் பெட்டியில் ஓடுமா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

தவறு ஆறு: "ஓப்பன் என்று பெயர் இருந்தால் போதும்!"

இது பயத்தால் வரும் தவறு அல்ல. அதிக நம்பிக்கையால் வருவது.

"குமுலஸ் லினக்ஸ்" என்று ஸ்விட்சுக்கான ஓர் இயங்குதளம். லினக்ஸ் என்ற பெயர் அதில் இருந்தது. ஆனால் எல்லாப் பகுதியும் திறந்தது அல்ல. 2020-ல் என்விடியா கம்பெனி அதை வாங்கியது. அதற்குப் பிறகு, பிராட்காம் கம்பெனியின் சில்லு உள்ள ஸ்விட்சுகளுக்குப் புதிய பதிப்புகள் வராமல் போயின. அவற்றை நம்பி வாங்கியவர்கள் திகைத்தார்கள்.

அதே 2020-ல், "சென்ட் ஓ.எஸ். 8" என்ற லினக்ஸ் பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று எல்லோரும் நம்பி இருந்தார்கள். 2021 கடைசியோடு நிறுத்துவதாக ரெட் ஹாட் கம்பெனி சொல்லிவிட்டது.

ஆனால் இங்கே கதை வேறு விதமாக முடிந்தது. கட்டளைகள் திறந்து இருந்ததால், மற்றவர்கள் அதை எடுத்து "அல்மா", "ராக்கி" என்று புதிதாகத் தொடர்ந்தார்கள். உபயோகித்தவர்களுக்கு மாற்று வழி கிடைத்தது.

இரண்டு இடத்திலும் வாக்கு தவறியது. முழுதும் திறந்து இருந்த இடத்தில் மட்டும், ஜனங்களே மறுபடி கட்டிக்கொள்ள முடிந்தது. பெயரைப் பார்க்காதீர்கள். உரிமத்தைப் படியுங்கள்!

யாருக்குப் பொது?

பாடு முறையைப் புகழ்ந்து சொன்னோம். அதன் குறையையும் சொல்ல வேண்டும்.

அந்த உரிமை ஊரையும் சாதியையும் ஒட்டி வருவது. தலைக்கட்டில் சேர்ந்தவருக்குத்தான் முறை. அதே ஏரியை நம்பி வாழும் இருளர் போன்ற மற்ற ஏழைகளுக்கு அந்த நல்ல இடங்களில் பங்கு இல்லை. பொது என்றாலும், எல்லோருக்கும் பொது அல்ல.

ஏரியில் இறால் அளவுக்கு உட்பட்டது. ஒருவர் பிடித்தால் மற்றவருக்குக் குறையும். எழுதி வைத்த கட்டளை அப்படி அல்ல. ஒருவர் எடுத்துக்கொண்டாலும் மற்றவருக்குக் குறையாது. அதனால்தான் அங்கே சாதி கேட்க வேண்டியது இல்லை. தலைக்கட்டு கேட்க வேண்டியது இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரும், இன்டர்நெட்டும், பொறுமையும் இருந்தால், பழவேற்காட்டுக் குப்பத்துப் பெண் ஒருத்தி இரவு விளக்கில் உட்கார்ந்து, உலகப் பெரிய கம்பெனிகளின் ஸ்விட்சில் ஓடும் அதே கட்டளைகளைப் படிக்கலாம். தவறு இருந்தால் திருத்தியும் அனுப்பலாம்.

மூடிய சரக்கில் இந்த வாசல் கிடையாது. பயிற்சிக்கும் பரீட்சைக்கும் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே அங்கே முன்வரிசை.

நிறுவனங்கள் வாங்கும் பெட்டியைப் பொறுத்தே, அந்தப் பெண்ணின் படிப்புக்கு வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பதும் முடிவாகிறது. இது வெறும் கம்பெனி விஷயம் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் விஷயம்.

என்ன செய்ய வேண்டும்?

ஓடுகிற வலையை ஒரே நாளில் அறுத்துப் போட வேண்டாம். கூட்டுறவு வங்கியில் வலை அறுந்தால், ஓய்வூதியம் வாங்க வந்த கிழவி வெயிலில் நிற்பாள். ஆஸ்பத்திரியில் அறுந்தால் இன்னும் மோசம்.

முதலில் ஒரு மூலையில் போட்டுப் பார்க்கட்டும். ஒரு மாடி, ஒரு கிளை போதும். இரண்டு மூன்று ஊழியர்களுக்கு நல்ல பயிற்சி கொடுக்கட்டும். ஒருவரை மட்டும் பழக்கினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் ஆபீசும் படுத்துவிடும். வெளி ஆதரவுக்கு ஒப்பந்தம் செய்யட்டும். ஆறு மாதம் ஓடிய பிறகு கணக்குப் பார்க்கட்டும். லாபம் என்றால் விரிக்கலாம். இல்லை என்றால், மூடிய சரக்கே சில இடங்களுக்கு ஏற்றது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

பொதுமக்கள் பணத்தில் வாங்கும் அலுவலகங்கள் மட்டும், பார்க்காமலே "வேண்டாம்" என்று சொல்லக்கூடாது. பயத்துக்குக் கொடுக்கும் விலை மக்களின் வரிப்பணம்.

அந்தத் தாத்தா வலையைத் தைத்து முடித்துவிட்டார். மானேஜருக்கு அவர் சொல்லக்கூடியது இவ்வளவுதான்:

"வலை கிழியத்தான் செய்யும், தம்பி. கிழியாத வலையைத் தேடாதே. தைக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடு. தைக்க விடுற வலையா பார்த்து வாங்கு!"